காதுகுத்து

தாய்மாமன் மடியில்லை. மொட்டையில்லை, சந்தனமில்லை.
இரும்புச் சட்டத்தில் கழுத்து சிக்கிய கன்று
என் முகத்தைப் பார்க்காமல் பூட்ஸைப் பார்க்கிறது.
இடக்காதில் மஞ்சள் வில்லை, பதினைந்து இலக்கம்.
டக்.
இனி இதற்குப் பாரா மாநிலத்தில் ஒரு பிறந்த ஊர் உண்டு,
பிறந்த மாதம் உண்டு.
என் மகனுக்கு அந்தக் காகிதம் வாங்க
மூன்று முறை படகேறினேன்.

வால்தெமிர் காப்பி கொண்டுவருகிறார்.
சர்க்கரை கூடுதல்.
கூடுதலாக எது இருந்தாலும் எனக்குச் சந்தேகம்.
பதிவேட்டில் நாற்பது பசு.
பட்டியில் நூற்றுத் தொண்ணூறு கன்று.
“இந்த வருஷம் நல்ல மழை, ஜுசேலியா.”
மழைக்குக் கன்று முளைக்குமா?
எனக்கு எப்போதோ காது குத்தியாயிற்று, வால்தெமிர்.

நாற்பத்தொன்றாவது கன்றின் குளம்பிடுக்கில் கரி.
இங்கே கடைசியாகக் காடு எரிந்து இருபது வருஷம் ஆகிறது.
கிளையாற்றுக்கு அக்கரையில் எரிந்தது ஆகஸ்டில்.
என் கைபேசியில் அது சிவப்புக் கட்டம்: தடை.
அங்கே மேய்ந்ததை எந்த இறைச்சி ஆலையும் வாங்காது.
வாங்காவிட்டால் என்ன,
இரவில் தெப்பமேறி வந்து
இக்கரையில் ஒரு தாயைத் தேடிக்கொள்ளும்.
தலைக்கு அறுபது ரியால்.
வால்தெமிர் கூரையில் புதுத் தகரம்,
கண் கூசுகிறது.

எரிக்கச் சொன்னவனை எனக்குத் தெரியாது.
அறுத்தவனைத் தெரியும். தங்கை கணவன், எடில்சன்.
ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில்தான் சாப்பிட்டான்,
காதுக்குள் இன்னும் ரம்பம் ஓடுவதால்
உரக்கப் பேசினான்.
கஸ்தான்யா மரத்தை மட்டும் தொடவில்லையாம்,
சட்டமாம்.
சாம்பல் நடுவே அது ஒற்றையாய் நிற்கிறது.
பூக்கிறது. காய்க்கவில்லை.
பூவுக்கு வரும் வண்டு
காட்டோடு போய்விட்டது.

தலைநகரில் யாரோ கையெழுத்திட்ட ஆணை,
கடலுக்கு அப்பால் ஒரு கடையில்
“இது எங்கே பிறந்தது?” என்று யாரோ கேட்ட கேள்வி,
இரண்டும் அத்தனை தூரம் வந்து
கடைசியில் நிற்கும் இடம் இந்தக் குறடு.
என் உள்ளங்கை அகலம்தான்.
பிடித்திருக்கிறேன். அழுத்தவில்லை.

காப்பி ஆறுகிறது என்கிறார் வால்தெமிர்.
அவர் குரலில் கெஞ்சல் இருக்கிறது,
நான் கவனிக்காத மாதிரி இருக்கிறேன்.

அக்கரையில் ஒரு பசு கத்துகிறது.

கன்று
குத்தாத இரண்டு காதையும்
அந்தப் பக்கம் திருப்புகிறது.