இரண்டு கிலோ முந்நூறு

முதல் நாள் உன்னை எடைபோட்டது
கிளாட்வின் அண்ணனின் மீன் தராசில்.
நண்டுக்கூடை இறக்கிய ஈரம் காயாத தட்டில்
நாலு காலும் நாலு திசைக்கு வழுக்க
சிவப்பு எண்கள் ஓடி ஓடி ஒருவழியாய் நின்றன:
இரண்டு கிலோ முந்நூறு.
"கிலோ என்ன விலைக்கு விடுறீக டீச்சர்?"
ஏலக்காரர்கள் சிரித்தார்கள்.
நீ தராசில் மூத்திரம் பெய்தாய்.

குந்துகால் கரையில் கவிழ்த்துப்போட்ட வள்ளத்தடியில்
மூன்று பேராய்க் கிடந்தீர்களாம்.
மழைக்குப் பிறகு நீ மட்டும்.
கால்நடை ஆஸ்பத்திரி நாகஜோதி
உன்னை என் கையில் திணித்து,
"ஒரு மாசம்தான், ஆள் பாத்துர்றேன்.
பேரு மட்டும் வச்சிராதீக,
வச்சா விடமாட்டீக" என்றாள்.

வைக்கவில்லை.
ஏய் என்றேன். ஏய், செருப்பை விடு.
ஏய், அது விடைத்தாள் கட்டு.
ஏழாம் வகுப்பு, சமூக அறிவியல்.
டெல்சனின் தாளில் பாதிதான் மிஞ்சியது.
முழு மதிப்பெண் போட்டேன், வேறென்ன செய்ய.

இடது செருப்புதான் உனக்கு ருசி.
வலதுகள் ஆறு கட்டிலடியில் கிடக்கின்றன.
ரயில் பாலம் ஏறும் முன் ஊதும்.
கூடவே நீயும் ஊதுவாய்,
அண்ணாந்து, கண்ணை மூடி,
இன்ஜின் உனக்குச் சித்தப்பன் போல.
கீழ்வீட்டு மரியசெல்வம்
ராத்திரிக் கடலுக்குப் போய்வந்து பகலில் உறங்குகிறவர்.
சண்டைக்குப் படியேறி வந்தார்.
நீ அவர் லுங்கியைக் கவ்வித் தொங்கினாய்.
மறுநாள் கதவடியில் ஒரு பொட்டலம்:
வேகவைத்த காரல், முள் எடுத்தது.
அத்தனை பொடி முள்ளையும்
அந்தத் தடித்த விரல்கள் எப்படி எடுத்தன என்று
நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமைதோறும் தராசு.
மூன்று நூறு. மூன்று எண்ணூற்றைம்பது.
வயிறு போன வாரம் மூன்று இருநூறு.
துறைமுகத்தில் மூணாம் நம்பர்க் கூண்டு ஏற்றியிருந்தார்கள்.
ஏலமில்லை, தராசைச் சாக்கு போட்டு மூடியிருந்தது.
உனக்காக அவிழ்த்தார் கிளாட்வின் அண்ணன்.
காற்றில் எண் நிற்கவே மாட்டேனென்றது;
தன் உடம்பை மறைப்பாக்கி நின்றார்.

அன்று ராத்திரி கரண்டும் இல்லை.
உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை
சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாய் உன் கடைவாயில் விட்டேன்.
ஏய் என்றேன், திட்டுவதற்கல்ல.
இருட்டில் உன் வால் நுனி
ஒரே ஒருமுறை தரையைத் தட்டியது.
நாகஜோதியிடம் இதைச் சொல்லவில்லை.

ஒரு மாதம் மூன்றாயிற்று.
பெட்டை என்றதும் போனை வைத்தார்கள்.
கடுவன் இருக்கா என்றார்கள்.
காது நிமிருமா என்றார் ஒருவர்.
இன்னொருவர் நேரிலேயே வந்து
உன்னிடம் ஒரு கடி வாங்கி
டீயும் குடித்துவிட்டுப் போனார்.

பிறகு உச்சிப்புளியிலிருந்து,
வெல்டிங் பட்டறை பூமிராஜனும் அவர் அக்காவும்.
அந்த அக்கா உன்னைக் கூப்பிடவில்லை, கொஞ்சவில்லை.
தரையில் உட்கார்ந்து
தன் இடது செருப்பைக் கழற்றி உன் பக்கம் தள்ளினாள்.
யார் சொன்னார்களோ.
பேரென்ன என்று கேட்டாள். இல்லை என்றேன்.
"ஏய்" என்றாள் சும்மா.
நீ ஓடினாய்.
அந்த ஓட்டத்தை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

ஆறு கிலோ தொள்ளாயிரம், கடைசியாக.

போன சனிக்கிழமை சாளை வாங்கப் போனேன்.
தட்டை அழுந்தத் துடைத்துவிட்டு
என் வெறுங்கையைப் பார்த்தார் கிளாட்வின் அண்ணன்.
மறுபடி துடைத்தார்.

மத்தியானம் ரயில் ஊதியது.
ஊதி முடிந்து பாலத்தில் மெல்ல ஊர்ந்தது.
படியில் காலடிச் சத்தம்.
மரியசெல்வம், உறங்காத கண்ணோடு.
வாசலிலேயே நின்று கேட்டார்:
"உச்சிப்புளி கேட்டுக்கு
இது எத்தனை மணிக்குப் போவும் டீச்சர்?"