பதினான்காம் அறை

ஓல்டன். இரவு இரண்டே கால்.
முதியோர் இல்லத்துத் துணி அறையில்
வாஷிங் மெஷின் இரைச்சலுக்குள் ஒளிந்து
கைபேசியில் தட்டுகிறேன்:
வைத்திலிங்கம் சூப் வேண்டாமென்றார்.
இடது குதிகால் சிவந்திருக்கிறது.

என் கசங்கிய டொச்சை
அது இஸ்திரி போட்டுத் தருகிறது.

வைத்திலிங்கம் என்று இங்கே எவருமில்லை.
பழைய ரயில்வேக்காரர் கிஸ்லிங்கின் பெயரை
அதனிடம் காட்டிக்கொடுக்க மனமில்லாமல்
நான் இட்ட பெயர்.
எட்டு மாதமாய் அதற்குள் ஒரு மனிதர்
பாதி உருளைக்கிழங்கு தின்கிறார்,
குளியலறையில் விழுகிறார்,
ஒன்பது பதினேழு வண்டியை விட்டுவிட்டேன் என்று அழுகிறார்.

போன வாரம் சுற்றறிக்கை.
அனுமதியில்லாத செயலிகளுக்குத் தடை, கையொப்பமிடுக.
நாலு பக்கம். விளங்கவில்லை.
அதனிடமே கேட்டேன்.
தெளிவாகச் சொன்னது.
கையொப்பமிட்டேன்.

இன்று பெயரைத் திருப்பி மாற்ற மறந்துபோனேன்.

ஏழு மணிக்குத் தலைமைத் தாதி ரெகூலா
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
எழுத்தெழுத்தாய் உடைக்கிறார்:
வை, தி, லிங், கம்.
யார் இது? எந்த அறை?

யாரும் திருத்தாத என் டொச்
வாயில் வருகிறது:
குதிகால்.
முதல் குதிகால் பார்.
பிறகு நான்.