நாலாவது பீப்

நிலையத்தின் சமையலறையில் எல்லாருக்கும் தெரியும்,
நான் எதைச் சூடாக்கினாலும்
கடைசி வினாடிக்கு முன்னால்
மைக்ரோவேவ் கதவைத் திறந்துவிடுவேன் என்று.
அவசரக்காரி என்பார்கள்.
ஆம்புலன்ஸில் போகிறவளை வேறென்ன சொல்வார்கள்.

வீட்டில் அது எட்டு மாதமாகத்
துண்டு போர்த்திக் கிடக்கிறது.
முகிலரசன் ஏன் என்று கேட்டதில்லை.
பாலை அடுப்பில் வைக்கிறார்,
பொங்கினால் துடைக்கிறார்.

இதைவிடப் பெரிதெல்லாம் பார்த்தவள் நான்.
விரைவுச்சாலையில் லாரிக்கும் தடுப்புக்கும் இடையில்
கை நுழைத்து நாடி தேடியவள்.
அவர்கள் யாரும் கனவில் வருவதில்லை.
வருகிறவர்
ஈசூனில் ஒன்பதாம் மாடி மூலைவீட்டுக்காரர்.
காவலாளி. சட்டையில் பாதிப் பொத்தான்தான் போட்டிருந்தார்.
இரவு வேலைக்குக் கிளம்புமுன்
ஒரு கோப்பை மைலோ சூடாக்க வைத்திருந்தார்.

நான் அழுத்திக்கொண்டிருந்தேன்.
சமையலறையில் அது நிமிடத்துக்கொரு முறை
உன் பானம் தயார், உன் பானம் தயார் என்றது.
யாரும் போய் நிறுத்தவில்லை.
யாருக்கும் கை இல்லை.

ஜெசிந்தா அமலநாதனின் அறையில்
திசுத்தாள் பெட்டி ஒன்று இருக்கிறது.
அதை அவர் என் பக்கம் தள்ளவில்லை.
அதற்காகவே மறுவாரமும் போனேன்.

முதலில் அறிக்கை படிப்பதுபோல் ஒப்பித்தேன், ஆங்கிலத்தில்.
வந்த நேரம், மின்னதிர்ச்சி இரண்டு, ஒப்படைத்த நேரம்.
கேட்டுவிட்டுச் சொன்னார்,
"வீட்டில் பேசுவதுபோல் தமிழில் சொல்லுங்களேன்."
திறந்த வாய் அப்படியே நின்றது.
அந்த ஆங்கில வாக்கியங்களில் ஆளே இல்லை,
சிகிச்சை தானே தொடங்கியது, தானே முடிந்தது.
தமிழில் வினை முடியும் இடத்தில்
நான் நின்றுகொண்டிருந்தேன்.
அழுத்தினேன். எண்ணினேன்.
அவர் மகளை "தள்ளிப் போம்மா" என்றேன்.
விலா எலும்பு முறிந்தது என் உள்ளங்கையில் கேட்டது.
ஆமாம், உள்ளங்கையில்தான் கேட்டது.

பிறகு, "கைவிட்டேன்" என்றேன்.

"எங்கே?"

மருத்துவமனையில். ஒரு டாக்டர் வந்து
அவர் கையை வைத்தார், நான் என் கையை எடுத்தேன்.

"அது கைவிடுவதா, கைமாற்றுவதா?"

எனக்குக் கோபம் வந்தது.
சொல்லை மாற்றினால் ஆள் எழுந்து வருவாரா என்று கேட்டேன்.
"வரமாட்டார்," என்றார்.
ஏர்கான் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் பேசியது.
அந்த "வரமாட்டார்" என்னைத் தேற்றவில்லை.
ஆனால் அன்றிரவு ஐந்து மணி நேரம் தூங்கினேன்.

சுல்ஹில்மிதான் அன்றும் வண்டி ஓட்டியவன்.
பிளாஸ்டிக் பையில் கட்டிய கோப்பி-ஓ
ஸ்டியரிங்கில் ஆட, கீழே எனக்காகக் காத்திருந்தான்.
என்ன பேசினாய் என்று கேட்கவில்லை.
மூன்றாவது சிக்னலில்,
"எனக்கு அந்த லிப்ட்," என்றான்.
ஸ்ட்ரெச்சர் நேராக நுழையாமல்
சாய்த்து, மடக்கி நின்ற அந்த ஒன்பது மாடிகள்.
அவன் இப்போது தன் வீட்டுக்கே படியேறித்தான் போகிறான்,
பதினான்காம் மாடிக்கு.
உடற்பயிற்சி என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறான்.
பச்சை விழுந்தது. பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள்.
ஜெசிந்தாவின் எண்ணை அனுப்பினேன்.
இரண்டு நீலக் கோடுகள். பதில் இல்லை, இன்னும்.

இந்த வாரத்து வீட்டுப்பாடம்:
ஒரு கிண்ணம் தண்ணீர், முப்பது வினாடி,
சத்தம் முடியும்வரை நிற்பது.
எத்தனை வினாடி வேண்டும் என்று அவர் கேட்டபோது
முப்பது என்று சொன்னவள் நான்தான்.

நேற்று துண்டை எடுத்தேன்.
முகிலரசன் பக்கத்தில் வந்து நின்றார்,
பல் தேய்க்கும் பிரஷ் வாயிலேயே இருந்தது.
உதடு தானாக எண்ணியது, வழக்கம்போல்.

ஒன்று.
இரண்டு.
மூன்றாவதற்குள் என் கை போய்க் கதவைத் திறந்துவிட்டது.
நாலாவது உள்ளேயே நின்றுவிட்டது.

தண்ணீர் லேசாகச் சுட்டிருந்தது.
அதை என்ன செய்வதென்று தெரியாமல்
குடித்தேன்.