தட்டிப் பார்த்தல்

மரச்சுத்தியலால் மூன்று முறை.
டொக் என்றால் சதை.
டம் என்றால் உள்ளே ஆளில்லாத அறை.
டிப்போச் சந்தி நிழல்வாகை, இலக்கம் நாற்பத்தொன்று,
முழங்கால் உயரத்தில்
டம் என்றது.

கார்த்திகை மழை விட்டு நாலாம் நாள்
அடிமரத்தில் கிளம்பியிருந்தன காளான்கள்,
தட்டுத் தட்டாக,
முறுகின பாணின் நிறம், விளிம்பு மட்டும் வெள்ளை.
கீழே தேநீர்க்கடை லோகேஸ்வரியின்
சீனிப் போத்தல் மூடியில் மண்ணிறத் தூள்.
"றோட்டுப் புழுதி, தங்கச்சி" என்று துடைத்தாள்.
புழுதி இல்லை அக்கா,
விதை என்றே வையுங்கோ.
காயம் தேடிப் போகுது.

காயத்துக்கு இந்தச் சந்தியில் என்ன குறை?
தொலைபேசிக் கடைப் பலகைக்கு ஆறு ஆணி,
ரியூசனுக்கு நாலு,
கண்ணீர் அஞ்சலிகளுக்கு நான் எண்ணவில்லை.
குழாய் பதிக்க வந்தவர்கள் மேற்குப் பக்க வேரை
பெக்கோவால் கிழித்து
அன்றைக்கே மண் மூடிப் போனார்கள்.
யாரோ இரக்கப்பட்டுப் பொந்துக்குள்
சீமெந்து குழைத்து அடைத்திருக்கிறார்கள்.
அதன் வெடிப்பால் தண்ணீர் இறங்க,
பின்னால் அழுகல் ஈரமாய், சுகமாய்க்
குடியிருந்தது.

"மருந்து அடிக்கேலாதோ?"
மயில்துத்தமும் சுண்ணாம்பும் இலைப்புள்ளிக்கு.
வைரத்தைத் தின்கிற நோய்க்குப்
போத்தலில் ஒன்றும் வருவதில்லை.

பொறியியலாளர் டிலக்சன் சிவப்புப் பெயின்ற் ரின்னோடு வந்தார்.
நான் ஒரு தவணை கேட்டேன்.
மரத்தை அரக்கேலாது, தரிப்பிடத்தை அரக்கலாமே.
அரக்கினோம், முப்பது அடி தெற்கே,
தகரக் கூரை, புது வாங்கு.
ஒருவரும் போகவில்லை.
பரந்தன் பஸ்ஸுக்கும் முறிகண்டி பஸ்ஸுக்கும்
கைப்பிள்ளையோடு, கிளினிக் கொப்பியோடு
பழைய நிழலிலேயே நின்றார்கள்.
வாங்கில் ஒரு ஆடு ஏறிப் படுத்தது.

ஆக, நிழலைத்தான் வெட்ட வேண்டியிருந்தது.

அமிர்தராசா வாள் வைக்கமுன் காந்தம் வைத்துப் பார்ப்பான்.
ஆணியில் ஒட்டும்.
ஆணி அடிக்க எட்டாத உயரத்திலும் ஒட்டும்.
அந்த இடத்தை விட்டு
ஒரு சாண் மேலே பிடிப்பான், பேசாமல்.
கொப்பின் தோள்மடிப்பைத் தொடாமல் அறுத்தோம்.
அடுத்த மரத்துக்குப் போகமுன்
வாளை ஸ்பிரிற் போட்டுத் துடைத்தோம்.
வெட்டு வாய்க்குத் தார் பூசச் சொன்னார்கள்.
பூசவில்லை.
மூடுவதென்றால் மரமே மூடட்டும்.

மூன்று மணிக்குச் சந்தியில்
அதுவரை விழாத இடத்தில்
வெயில் விழுந்தது.
சனம் ஒரு சொல்லும் இல்லாமல்
தகரத்துக்கு அடியில் போனது.
லோகேஸ்வரி பத்து நாள் என்னோடு கதைக்கவில்லை.
பிறகு அடுப்பையும் தூக்கிக்கொண்டு அங்கே போனாள்;
பிளேன்ரீக்கு ஐந்து ரூபா கூட்டினாள்,
எனக்கு மட்டும்.

அறிக்கையில் எழுதினேன்:
நோய் குணமாகவில்லை. ஆபத்துக் குறைக்கப்பட்டது.
அதற்குக் கீழே கட்டம் போட்டு,
பயனாளிகள் எத்தனை பேர் என்று கேட்டிருந்தது.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஒன்று என்று போட்டேன்.

இந்த மாரிக்கும் காளான் வந்திருக்கிறது, மூன்று தட்டு.
மேலே மொட்டைத் தோள்களில்
விறகுக்கும் நிழலுக்கும் உதவாத
துளிர்.
விடிய ஆறரைக்கு,
சந்தியில் ஆட்கள் சேரமுன்
தட்டுகிறேன்.

டம்.
போன வருசத்தைவிட
நாலு விரல் மேலே.