அவிட்டத்தன்று பத்து கிலோமீட்டர்

ஐந்தே முக்காலுக்கே மைக்கில் மலையாளம்.
நெஞ்சில் இருநூற்றுப் பதினான்கு,
குத்திய நாலு ஊக்கில் ஒன்று துரு.
நேற்றைய ஓண விருந்து இன்னும் செரிக்காத ஊர்
லுங்கியோடு வந்து ரோட்டோரம் நிற்கிறது.
என் வயிற்றிலும் கிடக்கிறது
போதும் போதும் என்று சொல்லிக்கொண்டே வாங்கிய
இரண்டாவது தம்ளர் பாலடை.

பேர் கொடுத்தபோது ஷிபின் என்கிற பையன்
கம்ப்யூட்டரில் வயதைத் தட்டிவிட்டு நிமிர்ந்தான்.
"அறுபதுக்கு மேலே நீங்க ஒராள்தான், சேட்டா.
ஓடி முடிச்சா ஃபர்ஸ்ட்."
முடிக்காவிட்டால்?
அதற்கு அவனிடம் கட்டம் இல்லை.

விசில் ஊதிய முதல் நிமிடத்திலேயே போய்விட்டார்கள்,
கோயமுத்தூரிலிருந்து காரில் வந்த கலர் ஷூக்கள்,
சித்தூர்க் கல்லூரிப் பெண்கள்,
செருப்பில்லாமல் ஓடும் ஒரு செங்கல்சூளைப் பையன்.
எனக்கு மிச்சம் ஈரத் தார்ரோடு,
அதன்மேல் அவர்கள் விட்டுப்போன தைல வாசனை.

போகையில் காற்று முதுகில்.
கணவாய்க் காற்றுக்கு ஆவணியில்
கிழக்கே மட்டும்தான் ஜோலி.
கள் இறக்கும் தென்னைகள் மொத்தமும்
தமிழ்நாட்டைப் பார்த்துச் சாய்ந்திருக்கின்றன.
தள்ளுவது அது.
ஓடுவது நான் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது கிலோமீட்டரில்
இடது முட்டி பேச ஆரம்பித்தது,
வழக்கம்போல மருதாத்தாள் குரலில்:
"ஓய்வூதியம் வாங்குறவன்
ஓய்வா இருக்கோணும்."

வேலந்தாவளம்.
செக்போஸ்ட் இருந்த இடம்.
இருபத்தாறு வருஷம் இங்கே
நான் கை காட்டினால் லாரி நிற்கும்.
கோழி லோடு, சிமெண்ட், பொள்ளாச்சிக் காய்,
வைக்கோலுக்கு அடியில் கன்னாஸ் கன்னாஸாய் ஸ்பிரிட்.
இரும்புக் கம்பியை உள்ளே விட்டுப் பார்ப்பான் பியூன்.
நான் எழுந்ததில்லை.
நாற்காலியின் பிரம்புப் பின்னல்
என் தொடையில் அச்சாய் விழுந்திருந்தது.
ஒரு ஜூலை மாதம் வரி மாறியது.
தடுப்புக் கம்பத்தைப் பிடுங்கி
எடைக்குப் போட்டார்கள்.
அந்தக் குழிக்குப் பக்கத்தில்தான் இன்று
திரும்பும் இடமென்று
ஒரு ஆரஞ்சுக் கூம்பு.

கூம்பைச் சுற்றி வந்தால் போதும்.
நான் இரண்டடி கூடுதலாய்ப் போய்
அந்தப் பக்கத்தை மிதித்துவிட்டு வந்தேன்.
யாரும் ரசீது கேட்கவில்லை.

திரும்பியதும் காற்று முகத்தில்.
பனியன் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது.
நம்பர் படபடவென்று அடித்து
துருப்பிடித்த ஊக்கு எங்கோ தெறித்தது.
தண்ணீர் மேஜையை மடக்கிக்கொண்டிருந்தார்கள்.
ஒரு கிழவி எருமையோடு ரோட்டைக் கடந்தாள்,
எருமை என்னைவிட நிதானமாக,
ஆனால் என்னைவிட முன்னால்.

பிறகு முதுகுக்குப் பின்னே ஒரு என்ஜின்.
ஆம்புலன்ஸ்.
கடைசி ஆளை ஒட்டி வருவது அதன் பாடு.
முதல் கியரிலேயே முனகிக்கொண்டு,
கடன் வசூலிக்க வந்தவன் மாதிரி,
என் நிழலை மிதித்து மிதித்து.
டிரைவர் நவாஸ் தலையை நீட்டி
"கேறுன்னோ?" என்றான்.
இல்லையென்று சொல்ல மூச்சு கைவசம் இல்லை.
கையை மட்டும் தூக்கினேன்.

எந்தக் கை என்று யோசிக்கவில்லை.
உள்ளங்கை விரிந்து, நெஞ்சு உயரத்தில்,
விரல்கள் சேர்ந்து.
வண்டி நின்றுவிட்டது.

ஒரு ஃபர்லாங் தூரம் யாருமில்லாமல் ஓடினேன்.
காற்று இருந்தது. முட்டி இருந்தது.
பிறகு அவனும் நினைவு வந்தவனாய்
மெல்ல கியரைப் போட்டான்.

போய்ச் சேர்ந்தபோது
காற்றடைத்த வளைவு பாதி சுருங்கித் தரையில் படுத்திருந்தது.
குனிந்துதான் நுழைந்தேன்.
பூக்களத்தின் செவ்வந்தி வட்டத்தில்
யாருடையதோ ஷூத் தடம்.
ஷிபின் மட்டும் கம்ப்யூட்டரை மூடாமல் இருந்தான்.
"ஒரு மணி இருபத்தெட்டு" என்றான்.
போன வருஷத்தைவிட நான்கு நிமிடம் அதிகம்.
அதைக் கேட்டுவிட்டுத்தான் "ஃபர்ஸ்ட்" என்றதைக் கேட்டேன்.

பதக்கத்தை டிரவுசர் பையில் போட்டுக்கொண்டு
ஸ்கூட்டருக்கு வந்தேன்.
காலைத் தூக்கிப் போட முடியவில்லை.
ஹேண்டில்பாரைப் பிடித்தபடி
கொஞ்ச நேரம் நின்றேன்.
காற்று அதே திசையில்தான் போய்க்கொண்டிருந்தது.
என் வீடு கிழக்கே.