பிந்தல்

ஒன்பது நாற்பது. கருங்கலில் கரண்டு இல்லை.
இன்வெர்ட்டர் சாகுமுன்
ஏழு வருடத்துத் துடிப்புகளைத் திறந்து வைத்திருக்கிறேன்.
புனேக்கு வடக்கே வயல்களின் நடுவில்
முப்பது கிண்ணங்கள் ஏந்திப் பிடித்தவை.

நொடிக்கு முந்நூற்றுப் பதினொரு முறை சுற்றும்
செத்த நட்சத்திரம் ஒன்று.
அதன் அடுத்த தட்டு எப்போது விழும் என்று
அடுத்த வருடத்துக்கும் இப்போதே எழுதிவைக்கலாம்.
திங்கள்நகர் பஸ்ஸைப் பற்றி
யாராலும் அப்படி எழுத முடிந்ததில்லை.

வந்த நேரத்திலிருந்து வரவேண்டிய நேரத்தைக் கழிக்க வேண்டும்.
என் வேலை அவ்வளவுதான்.
பூமி சூரியனைச் சுற்றுவதைக் கழித்து,
வியாழன் சூரியனைக் கொஞ்சம் இழுத்து வைத்திருப்பதைக் கழித்து,
வழியில் மிதக்கும் எலக்ட்ரான்கள்
தாழ்ந்த சுருதியை மட்டும் நிறுத்திவைத்துக்
கதை பேசுவதைக் கழித்து,
கழித்துக் கழித்து
மிச்சமே இல்லையென்றால்
அது தனிக்கட்டை.

இதற்கு மிச்சம் இருந்தது.

ஆறு நாளுக்கொரு சுற்று.
எங்களை நோக்கி வரும்போது முந்துகிறது,
விலகும்போது பிந்துகிறது.
கூட ஒரு வெள்ளைக் குள்ளன், இன்னும் யார் கண்ணிலும் படாதது.
ஆனால் இதிலிருந்து எடை வராது.
எடையும் சாய்வும் பிசைந்த ஓர் எண்தான் வரும்.
மேலிருந்து பார்க்கிறோமா, விளிம்பிலிருந்தா?
அது தெரியாமல் எதையும் நிறுக்க முடியாது.

அந்தச் சுற்றையும் கழித்தபோது
ஒரு முள் மட்டும் நின்றது.
குள்ளன் சரியாகக் குறுக்கே வரும் நேரம்
துடிப்பு அவன் பள்ளத்தில் இறங்கி ஏறி வருகிறது.
பத்து மைக்ரோ நொடி.
ஒரு கொசு ஒருமுறை சிறகடிப்பதில்
நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.
அதுதான் தராசு.

ஆன்றோ சார்ஜாவிலிருந்து கூப்பிடுவான்,
நாலு வருடமாக, ஒன்பது நாற்பதுக்கு.
பிப்ரவரியிலிருந்து புதன்கிழமைகளில் மட்டும்
பதினொரு நிமிடம் தள்ளி.
"அவனுக்க வண்டி பிந்தியிருக்கும், மக்களே"
என்கிறாள் அம்மை.

வண்டியைக் கழித்தேன்.
சம்பள நாளை, கிரிக்கெட்டை, நெட் இழுப்பதைக் கழித்தேன்.
புதன் அப்படியே நின்றது.
குறுக்கே யாரோ வருகிறார்கள்.
பெண் என்று நானே முடிவு செய்தேன்.
நர்ஸ் வேலை கொடுத்தேன், கிள்ளியூரில் வீடு கொடுத்தேன்,
அம்மையிடம் எப்படிச் சொல்வது என்பதுவரை போய்விட்டேன்.

போன புதன் கேட்டேன்:
"யாருலே அது?"
நாலு நொடி.
பழக்கதோஷம், எண்ணிவிட்டேன்.
அதற்குள் அங்கே ஆயிரத்து இருநூற்று நாற்பத்து நாலு சுற்று.
"யாருமில்லக்கா" என்றான்.
சிரிக்கும் குரல் இல்லை அது.

சாய்வைப் பார்க்காமல்
நிறுத்திருக்கிறேன்.

இன்று மாலை நட்சத்திரத்தின் எண் வந்துவிட்டது.
ஒன்று புள்ளி ஒன்பது ஐந்து சூரியன்,
கூடக்குறைய நூற்றில் ஏழு.
இங்கிருந்து நாகர்கோவில்வரைதான் அதன் அகலம்.
என் ஊருக்குப் பெயர் கருங்கல்.
இங்குள்ள பாறை மொத்தத்தையும் உடைத்துத் தட்டில் ஏற்றினாலும்
அதன் ஒரு கரண்டிக்கு ஈடாகாது.

இந்த எடையைத் தாங்காமல்
உள்ளே இன்னதுதான் இருக்கிறது என்ற சில கணக்குகள்
ஒடிந்து விழும்.
விழாமல் நிற்பவற்றில் எது உண்மை என்று
எடைக்குத் தெரியாது.

ஒன்பது நாற்பத்தேழு.
கரண்டு வந்து, போய், வருகிறது.
அம்மை போனை முந்தானையால் துடைத்து
மேசை நடுவில் வைக்கிறாள்,
பிறகு இன்னும் கொஞ்சம் நடுவில்.
நான் எதையும் எண்ணவில்லை.
இன்று புதன்.