கால் டம்ளர்

மஞ்சூரில் தை விடியல்.
வெயில் பட்டால் கருகப்போகும் கொழுந்தெல்லாம்
இப்போதைக்கு வெள்ளை.

எஸ்டேட்டின் நாலு சக்கர பைக்.
கிளட்ச் தண்டோடு ஒட்டி மூன்று நாள்.
புல்லர் போல்ட்டில் மரை தேய்கிறது, அது அசையவில்லை.
ஹாலன் சுத்தியலைத் தூக்கினான்.
"அடிச்சா கிராங்க் கோணிடும்" என்றேன்.
கையைக் கக்கத்தில் செருகிக்கொண்டான்.

ஃபிளாஸ்க் மூடியில் மிச்சமிருந்த தண்ணீரைத்
துளைக்குள் ஊற்றினேன்.
போல்ட்டுக்கு வெள்ளை டேப் நாலு சுற்று.
முறுக்க முறுக்க
போக இடமில்லாத தண்ணீர்
தள்ளத் தொடங்கியது.

தட்.

சின்னப் பலாக்காய்க் கனத்தில் மடியில் விழுந்தது.
உள்ளே பெல்ட் தூசி, தட்டையான உருளைகள்,
எந்தப் புண்ணியவானோ கூம்பில் அப்பிய கிரீஸ்.
துடைத்தேன். ஈரம், எண்ணெய் எதுவும் இல்லாமல்
மறுபடி ஏற்றினேன்.

எண்ணூறு என்றதும்
ஹாலனின் முகம் கோணியது.
கிராங்க் கோணவில்லை.